இரண்டு தேசிக்காய் குறைந்த வண்டி

என் ஆசை இஞ்சேருங்கோவுக்கு,

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எதற்கு? இஞ்சேருங்கோ, நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய மடிப்புக் கூடார ட்ரெயிலர் வேல்ஸ் மலைக்குப் போய் வந்துவிட்டது. இழுத்துக்கொண்டு போனது நான்தான். ரெய்னர்ஸ் லேன் கடைத்தெருவில் கார் நிறுத்தவே எனக்கு மூச்சு வாங்குகிறது என்று பகிடி பண்ணினீர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள்?

முதலில் இங்கே நடந்த கூத்தைச் சொல்கிறேன். ட்ரெயிலரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று வாசலில் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தோம் அல்லவா? கார் என்றால் நாலு சில்லு என்ற பழக்கத்தில் நான் நாலு தேசிக்காய்தான் வாங்கி வந்திருந்தேன். பின்னால் கொளுவியிருந்த ட்ரெயிலருக்கும் இரண்டு சில்லு உண்டு என்பது எனக்குத் தோன்றவேயில்லை. நீங்கள் குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையப்பா, அது பேசாமல் காருக்குப் பின்னால வரும்தானே" என்று சிரித்தபடி காரை எடுத்தீர்கள்.

அந்த மாதமே போய்விட்டீர்கள். வயரிங் வேலைக்குப் போன வீட்டில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை. இரத்தக்குழாய் வருடக்கணக்காக அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். இரண்டு தேசிக்காய் குறைந்துவிட்டது என்று உங்கள் அக்கா சொன்னார். யாருடைய சொல் கனடா வரைக்கும் போனது என்று நினைக்கிறீர்கள்? டெலிபோன் கார்ட் வாங்கி வாங்கி அங்கேயுள்ள சொந்தங்களுக்கெல்லாம் சொன்னார். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ட்ரெயிலரின் சில்லையும் பார்த்துக்கொண்டு போனார்கள். ராசியில்லாத வண்டி என்று தொடங்கிய கதை, கவனமில்லாத பெண்சாதி என்பதில் வந்து நின்றது. உங்களைச் சாகடித்தவள் நானாம்!

அழுதேன். அழுது முடிய எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினேன்.

எங்கள் மகள் அபிக்குப் பள்ளிக்கூட விடுமுறை தொடங்க முதல், ட்ரெயிலரை வாங்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு அக்கா வந்து நின்றார். "சும்மா குடுத்தாலும் பரவாயில்லை, உது வாசலை விட்டுப் போகட்டும்" என்றார். வந்தவர் மூடியைத் தட்டிப் பார்க்கும்போதே என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"இது விக்கிறதுக்கில்லை மச்சாள். நானும் அபியும் இதில மலைக்குப் போறம்."

"ஆண்டுத் திவசம் முடியேல்லை, அதுக்குள்ள உல்லாசப் பயணமோ? சனம் காறித் துப்பும், பவானி."

"துப்பட்டும். கூடாரத் துணி நனையாதாம்."

எனக்கே ஆச்சரியம். அந்த வாய் உங்களுடையது. ஊரில் அகதியாகக் கூடாரத்தில் கிடந்தது காணாதோ, இங்கே வந்தும் கூடாரமோ என்று அக்கா உங்களைக் கேட்டபோது நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "அது கலைச்சதால போய்ப் படுத்தது அக்கா. இது நானாப் போய்ப் படுக்கிறது." ஜெர்மனியில் கூரை வேலை செய்த காலத்தில், வெள்ளிக்கிழமை மத்தியானமே வெள்ளைக்காரர் வண்டியை இழுத்துக்கொண்டு மலைக்குப் போவதைப் பார்த்து ஏங்கியவர் நீங்கள். ஒருமுறைகூடப் போகாமல் போய்விட்டீர்களே. என்ன அவசரம் உங்களுக்கு?

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆளில்லாத கார் பார்க்கில் பழகினேன். ட்ரெயிலரைப் பின்னால் எடுப்பதென்றால் வலப்பக்கம் போக இடப்பக்கம் வெட்ட வேண்டும். இது யாருடைய புத்தி? அபி பின்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கத்துவாள். ஒருநாள் கவுன்சில் குப்பைத்தொட்டியைச் சரித்துவிட்டேன். இருவரும் நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டோம்.

புறப்படுகிற அன்று காலையில் அக்கா மறுபடி வந்தார். சண்டைக்கு இல்லை. கையில் ஒரு பை. உள்ளே தேசிக்காய், ஆறு. இந்த முறை எண்ணிக் கொண்டுவந்திருந்தார்.

"இப்பவெண்டாலும் வைச்சிட்டுப் போடி. பிள்ளையும் வாறாளெல்லே."

"ஜஸ்ட் டூ இட், அம்மா. மாமி பாவம்" என்றாள் அபி.

என் கை பைக்குள்ளே போய்விட்டது. வைத்தால்தான் என்ன, ஒரு நிமிட வேலை. அக்காவின் கண் கலங்கியிருந்தது, பொய்யில்லை. ஆனால் அந்தச் சில்லுக்குக் கீழே இன்றைக்கு ஒரு தேசிக்காயை வைத்தேன் என்றால், அன்றைக்கு வைக்காததால்தான் நீங்கள் போனீர்கள் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். ஏலாது. பையை வாங்கி முன் சீட்டில், நீங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். "வாறம் மச்சாள்" என்று காரை எடுத்தேன்.

மலை ஏற்றத்தில் கார் திணறியது. பின்னால் வால் மாதிரி வரிசை நீண்டது, ஒருவன் ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும். எத்தனை பேர் எனக்கு அடித்துவிட்டார்கள், இவன் ஒருவனா பெரிது? முகாம் போட்ட புல்வெளி முழுக்கச் சேறு. ட்ரெயிலரின் கைப்பிடியைச் சுழற்ற, மேலே எழும்பிய மடிப்புக் கூரை பாதியில் இறுகி நின்றது. நானும் அபியும் தொங்கித் தொங்கி ஏற்றினோம். இரண்டு பக்கமும் கட்டில்கள் வெளியே வந்ததும் அபி செருப்போடு ஏறிக் குதித்தாள். மழை அடித்தது, காற்று உலுப்பியது. துணி நனையவில்லை.

அடுத்த நாள் வெயில் எறித்தது. மலையில் பாதிவரைதான் ஏறினேன், முழங்கால் விடவில்லை. இறங்கி வந்து சில்லுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். தாகம். கத்தியை எடுத்து அந்த ஆறு தேசிக்காயையும் வெட்டிப் பிழிந்து, சீனி போட்டுக் கரைத்தேன். அபி இரண்டு கப் குடித்தாள். மிச்சமெல்லாம் நான்.

திரும்பி வந்தபோது அக்கா வாசலில் நின்றார். எங்களைப் பார்த்தார், பிறகு சில்லைப் பார்த்தார்.

"தேசிக்காய் வைச்சனியோ?"

"இல்லை மச்சாள். கரைச்சுக் குடிச்சிட்டம்."

திட்டு விழும் என்று நிமிர்ந்து நின்றேன்.

"உப்புப் போட்டனியோ?" என்றார். "தம்பி உப்பில்லாமல் குடியான்."

உப்பை மறந்துவிட்டேன் என்றேன். இவ்வளவு நாளில் முதல் தடவையாக அக்காவும் நானும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். சேறு காய்ந்த ட்ரெயிலரில் சாய்ந்துகொண்டுதான்.

அதற்காக அக்கா மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நேற்றும் கார்ட் போட்டுக் கனடாவோடு கதைத்தார். கதைக்கட்டும். உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு ட்ரெயிலரை ஒளித்து வைக்க மாட்டேன். கழுவி வாசலில் நிறுத்துவேன், வருகிறவர்கள் காரைத் தெருவில் விடட்டும். படையலில் உங்களுக்கு ஒரு பெரிய கிளாஸ் தேசிக்காய்த் தண்ணீர், உப்புப் போட்டு. அடுத்த கோடையில் ஸ்கொட்லாந்து மலை. சத்தியமாகப் போவேன், அப்போதும் தேசிக்காய் வாங்குவேன், குடிப்பதற்கு.

உங்களைக் கொல்லாத,
உங்கள் பெண்சாதி
பவானி