டாண்டா ரேடியோவில் நான் பாடிய சாயங்காலம்

அன்புள்ள பாபு நிஷானுக்கு,

பசுபதிநாதர் தயவில் இங்கே நானும் அப்பாவும் சுகம். மழை விட்டதிலிருந்து அவருக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. லிஸ்பனில் நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். எருமை கன்று போட்டிருக்கிறது, கிடேரி. இஞ்சியில் இந்த வருஷமும் அழுகல், பாதிதான் தேறும்.

போன வாரம் போனில் நீ, "அந்த ரேடியோவை இன்னும் யாரும்மா கேக்கறாங்க, எல்லார் கையிலயும் போன் இருக்கு, விட்டுட்டு இங்க வந்துடு" என்றாய். அதையே மனசில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

டாண்டா ரேடியோவை கூட்டுறவுக் கடை மாடியில் ஒற்றை அறையில்தான் ஆரம்பித்தோம். ஏரியல் கம்பத்தை ஊரே தோளில் சுமந்து மலையுச்சிக்கு ஏற்றியது. காலையில் செய்தி, சாயங்காலம் பேச்சு. எருமை காணோம், பஸ் வரவில்லை, வாத்தியார் பள்ளிக்கே வருவதில்லை என்று யார் வேண்டுமானாலும் பேசலாம். அரசர் மந்திரிகளை நீக்கிவிட்டு ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்ட வருஷம் அதெல்லாம் நின்றது. எஃப்.எம்.மில் செய்தி கூடாது, பாட்டு மட்டும் என்று உத்தரவு. எங்கள் அறையில் லோகேந்திரா என்று ஒரு ஹவில்தாரை உட்கார வைத்தார்கள். உனக்கு அப்போது நாலு வயசு, மாமா வீட்டில் விட்டிருந்தோம்.

அந்த அசார் மாத மழையில் ஒரு சாயங்காலம், கோவேறு கழுதை ஓட்டும் கும்பசிங் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். தொங்கு பாலத்தின் வடம் அக்கரையில் பாறையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வருகிறது, பாரம் தாங்காது என்றார். மறுநாள் சந்தை. அக்கரை ஜனம் மொத்தமும் விடியும்போதே கூடையோடு பாலமேறும். அங்கே அப்போது போன் கிடையாது, வீட்டுக்கு வீடு ரேடியோ மட்டும் உண்டு. நான் ஹவில்தாரைப் பார்த்தேன். "பாட்டு மட்டும் போடுங்க தீதி, நீங்க வாயைத் திறந்தா என் வேலை போயிடும்" என்றார். சரி, பாட்டுக்குத் தடையில்லையே என்று நாற்று நடும் பாட்டு மெட்டில் பாலம் போச்சு, யாரும் ஏறாதீங்க என்று நானே பாடினேன். என் குரல் உனக்குத் தெரியும். உடனே பஜாரிலிருந்து டீக்கடைக்காரர் போன் பண்ணி, "தீதி, பாடுனது எருமையா நீங்களா? ஆனா நல்ல தமாஷு, இன்னொரு தடவை பாடுங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

எதிரிலிருக்கும் பஜாரே தமாஷ் என்று நினைத்தால் அக்கரை என்ன நினைக்கும்? பாட்டை நிறுத்தினேன். "இது பாட்டு இல்லை, தமாஷ் இல்லை. நான் சுபத்ரா பேசறேன். பாலம் அறுந்துக்கிட்டிருக்கு, யாரும் கால் வைக்காதீங்க" என்று என் பேச்சுக் குரலிலேயே சொன்னேன். ஹவில்தார் எழுந்து வந்து சுவிட்சில் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. நான் மறுபடி ஒரு தடவை சொல்லி முடித்த பிறகுதான் அணைத்தார். அப்புறம் அவரை எங்கோ மாற்றிவிட்டார்கள். நினைக்கும்போதெல்லாம் அவர் பிள்ளைகுட்டியோடு நன்றாயிருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

ரேடியோவுக்குப் பூட்டுப் போட்டார்கள். தீபாவளி தாண்டித்தான் திறந்தார்கள். என்னை அன்றைக்கே பிடித்து வைத்து, மறுநாள் விடிந்ததும் ஜில்லா தலைநகருக்கு லாரியில் ஏற்றினார்கள். சிறையை நினைத்துக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை பாபு. நான் சொன்னது ஒரு காதிலாவது விழுந்ததா என்றுதான் ராத்திரியெல்லாம் தவித்தேன். லாரி ஆற்றோரம் திரும்பியபோது எட்டிப் பார்த்தேன். அக்கரை முழுக்க ஜனம், முதுகில் கூடை, ஒருத்தர்கூடப் பாலத்தில் இல்லை. யாரோ ஒருத்தி சேலைமேல் இடுப்பில் சுற்றியிருந்த கச்சைத் துணியை அவிழ்த்துப் பாலத்தின் வாயில் குறுக்கே கட்டிக்கொண்டிருந்தாள். அவள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

யார் கேட்கிறார்கள் என்று அன்றைக்கும் தெரியாமல்தான் பேசினேன், இன்றைக்கும் அப்படித்தான். அதனால் நான் அங்கே வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. தசைன் பண்டிகைக்கு உன் நெற்றியில் டீகா வைக்க என் கை எட்டாது, இங்கிருந்தே வைத்ததாக நினைத்துக்கொள். இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் இருங்கள். பல்வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
சுபத்ரா