என் கடைக் கிலோவைத் திருப்பித் தரக் கேட்டு

அனுப்புநர்:
ஆணிக்கடை உரிமையாளர்,
வணிகர் மன்ற அரங்கத்தின் இடப்பக்கச் சுவரை ஒட்டிய கடை,
சந்தைச் சாலை.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
சட்டமுறை எடையளவு இயக்ககம்,
மூன்றாம் மாடி, மின்தூக்கி இயங்காத பக்கம்.

பொருள்: பிராந்தியப் பொதுக் கிலோ என அறிவிக்கப்பட்டுள்ள என் கடை எடைக்கல்லைத் திருப்பித் தருதல், வரும் வியாழன் காலை பதினோரு மணிக்கு அண்டை நாடொன்றின் மூலக் கிலோ உடைக்கப்படுவதைத் தடுத்தல் தொடர்பாக.

பார்வை: 1. என்னுடைய முந்தைய நான்கு மனுக்கள்.
2. அவற்றுக்கு இதுவரை வராத நான்கு பதில்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆணி, திருகாணி, கீல், தாழ்ப்பாள் விற்று வருகிறேன். ஆணியை எண்ணி விற்பவர்கள் உண்டு. நான் நிறுத்து விற்பவன். இத்தனை ஆண்டுகளில், எடைக்கற்களைச் சோதிக்கும் முத்திரை ஆய்வாளர் என் கடையில் ஒரு குற்றமும் கண்டதில்லை. சந்தைச் சாலையில் அவர் குற்றம் காணாத கடைகள் இரண்டே இரண்டு. மற்றொன்று எதிரிலுள்ள தையல்கடை. அங்கே தராசு கிடையாது.

2. சென்ற மாதம் வணிகர் மன்ற அரங்கத்தில் 'எடையளவில் அண்டை நாடுகளின் ஒத்துழைப்பு' என்ற மாநாடு நடந்தது தாங்கள் அறிந்ததே. தாங்களே தொடங்கி வைத்தீர்கள். ஐந்து நாடுகளும் தத்தம் மூலக் கிலோவைப் பெட்டியில் கொண்டுவந்து, ஒரே தராசில் ஒப்பிட்டு, எல்லோருக்கும் பொதுவான ஒரு கிலோவை முடிவு செய்வது நோக்கம். எல்லைக்கு அந்தப் பக்கம் முழு டன்னாக ஏறிய சரக்கு, இந்தப் பக்கம் வந்ததும் டன்னுக்குக் குறைகிறது என்று லாரிகள் நாள்கணக்கில் நிற்பது எனக்கும் தெரியும். அந்த லாரிகளில் என் ஆணியும் நின்றிருக்கிறது. ஆகவே நோக்கத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. குறை கதவில்தான்.

3. அரங்கத்தின் வாசற்கதவு காற்றுக்கு அடித்துக்கொள்ளும். மாநாட்டுத் தராசோ மிக நுட்பமானது. கதவு ஒருமுறை அடித்தால் முள் கால்மணி நேரம் ஆடுமாம். காலை பத்து மணியளவில் தங்கள் உதவி இயக்குநர் வியர்க்க விறுவிறுக்க என் கடைக்கு வந்து, "அண்ணே, கதவுக்கு முட்டுக்கொடுக்க கனமா எதையாவது குடுங்க. சாயங்காலம் கையோட கொண்டாந்து தந்துடறேன்" என்றார். அப்போது என் கையில் இருந்தது ஒரு கிலோ எடைக்கல். அதையே கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. அரசு அதிகாரியிடம் ரசீது கேட்காதது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

4. மேற்படி எடைக்கல்லின் அடையாளங்கள்: வார்ப்பிரும்பு, அறுகோண வடிவம். ஒரு மூலை உடைந்திருக்கும். மாடிப்படியில் உருண்டபோது உடைந்தது. அது உருண்டதா, படியின் கீழே நின்றிருந்த என் மைத்துனரை நோக்கி உருட்டப்பட்டதா என்பதில் என் வீட்டில் இரண்டு கருத்துகள் உள்ளன. அது இம்மனுவுக்கு அப்பாற்பட்டது. அடியில் ஈயம், ஈயத்தில் தங்கள் இயக்ககத்தின் முத்திரையும் எண்ணும். பக்கவாட்டில் ஒரு சிவப்புப் புள்ளி. பிற கடைக் கற்களோடு கலந்துவிடாமலிருக்க என் மனைவி நகச்சாயத்தால் வைத்தது.

5. இனி நடந்ததை, மாநாட்டுக்குத் தேநீர் கொண்டுபோய் நேரில் பார்த்த தேநீர்க்காரர் சொன்னபடி எழுதுகிறேன். ஐந்தாவது நாட்டின் பிரதிநிதி பேருந்து தாமதமாகி, பதினோரு மணிக்கு வந்து, பெட்டியை மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். தங்கள் அலுவலக உதவியாளர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பட்டுத்துணியில் பளபளவென்று ஓர் உருளை. அவர் முதலில் செய்த காரியம் அதைத் தலைகீழாகத் திருப்பி முத்திரை தேடியது. முப்பத்தைந்து ஆண்டுப் பழக்கம். முத்திரை இல்லை. ஒரு நாட்டின் மூலக் கிலோவுக்கு முத்திரை குத்த அதற்கு மேலே வேறு கிலோ இல்லை என்பது அவருக்குச் சொல்லித் தரப்படவில்லை. முத்திரையில்லாத கல்லை, அதுவும் இயக்குநர் முன்னிலையில், தராசில் வைப்பதா என்று அவர் பதறியிருக்கிறார். கதவருகே முத்திரையோடு ஒரு கிலோ கிடந்தது. அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். பளபளப்பானதைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார். தன் கடமையை இவ்வளவு சரியாகச் செய்த ஊழியரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் ஓய்வுபெற இன்னும் ஐந்து மாதமே உள்ளது. அவர் மீது நடவடிக்கை எதுவும் கூடாது என்பதையும் என் கோரிக்கைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

6. ஐந்தாவது நாட்டுப் பிரதிநிதியாவது கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டியைப் பதினெட்டு ஆண்டுகளாகச் சுமக்கும் அவர், உள்ளே இருப்பதை ஒருநாளும் பார்த்ததில்லை. அவருடைய நாட்டில் அமைச்சருக்கு மட்டுமே அந்த உரிமையாம். முகம் துடைத்தபடி வந்தவர் என் எடைக்கல்லைக் குனிந்து பார்த்தார். பிறகு கண்கலங்கி, "எங்க கிலோ இவ்வளவு அடக்கமா இருக்கும்னு நான் நெனச்சதே இல்லைங்க" என்றாராம்.

7. பிறகு ஒப்பீடு நடந்தது. ஒரு நாட்டின் கிலோ, தினமும் தேய்த்துத் துடைத்து இளைத்துப் போயிருந்தது. இன்னொரு நாட்டுக் கிலோவை நாற்பது ஆண்டுகளாக யாருமே துடைக்கவில்லை. மூன்றாவதற்கு ஆட்சி மாறும்போதெல்லாம் வண்ணம் பூசியிருந்தார்கள். நம்முடையதைப் பற்றித் தாங்கள் அறிவீர்கள், நான் எழுதவில்லை. நான்கும் நான்கு விதம். நான்கு நாட்டாரும் தம்முடையதே சரி என்று பிற்பகல் மூன்று மணிவரை வாதிட்டனர். என் கல் நான்குக்கும் நடுவில் நின்றது. ஐந்தாவது நாடு சிறியது, அதன் கிலோவை ஏற்றுக்கொண்டால் யாரும் யாரிடமும் தோற்றதாகாது என்பதால் ஒருமனதாக அதையே பொதுக் கிலோ என்று அறிவித்துக் கையெழுத்திட்டார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆணி நிறுத்த கல் ஐந்து நாடுகளைச் சமாதானப்படுத்தியதில் எனக்கும் சற்றுப் பெருமை உண்டு என்பதை மறைக்கவில்லை.

8. அன்று மாலை உதவி இயக்குநர் சொன்ன சொல் தவறாமல் ஒரு கல்லைக் கொண்டுவந்து தந்தார். அது பளபளத்தது. "இது என்னோடது இல்லைங்களே" என்றேன். "கதவுகிட்ட இருந்தது இதுதான். பழசைக் குடுத்துட்டுப் புதுசா வாங்கினா கசக்குதாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

9. மூன்று நாள் கழித்து நாளிதழில் பொதுக் கிலோவின் படம் வந்தது. தங்கள் இயக்ககத்தில் ஒரு கண்ணாடிப் பேழை, இருபுறமும் துப்பாக்கி ஏந்திய காவலர். உடைந்த மூலையை என் மைத்துனர்தான் முதலில் அடையாளம் கண்டார். மாநாடு முடிந்தபின் வெளியிட்ட கையேட்டில், சிவப்புப் புள்ளி ஐந்தாவது நாட்டு இறையாண்மையின் சின்னம் என்று அச்சிட்டிருந்தது. என் மனைவி அந்த நகச்சாயப் புட்டியை எடுத்துவைத்து, "அஞ்சு நாட்டுக்கும் கிலோ குடுத்த மகராசா, வீட்டுல சக்கரை தீர்ந்துபோய் நாலு நாளாச்சு. அதுல ஒரு கிலோ எப்ப வரும்?" என்று கேட்டார்.

10. தங்கள் அலுவலகத்துக்கு நான்கு முறை வந்தேன். மூன்று முறை உதவி இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். நான்காம் முறை என்னை உட்காரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, மிகுந்த அன்போடு பேசினார். "அண்ணே, நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும். அஞ்சு நாடு கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே அதுதான் கிலோ. அது கடைக்கல்லுன்னு வெளிய தெரிஞ்சா ஒப்பந்தம் கிழியும், லாரியெல்லாம் பழையபடி எல்லையில நிக்கும். உங்களுக்கு வேணும்னா வேற கல்லு ஒண்ணு வாங்கித் தரேன்." எனக்கு வேறு கல் வேண்டாம் ஐயா. என் உரிமத்தில் என் கல்லின் எண் எழுதியிருக்கிறது. அந்தக் கல் இல்லாமல் என் கடைக்கு உரிமம் இல்லை.

11. நான் பயந்தபடியே சென்ற வெள்ளிக்கிழமை முத்திரை ஆய்வாளர் ஆண்டுச் சோதனைக்கு வந்தார். பளபளப்பான கல்லைத் திருப்பிப் பார்த்தார். "முத்திரை எங்க?" என்றார். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் சோதனைக் கல்லை எடுத்து நிறுத்தார். அந்தச் சோதனைக் கல் பொதுக் கிலோவின்படி, அதாவது என் கல்லின்படி, போன வாரம்தான் திருத்தப்பட்டது. பளபளப்பான கல் மூன்று கிராம் கூடுதல். "ஐயா, கூடுதலா இருந்தா வாங்கறவங்களுக்குத்தானே லாபம்?" என்று கேட்டேன். "பொய்யில என்னய்யா நல்ல பொய், கெட்ட பொய்?" என்று சொல்லிவிட்டு, கல்லைப் பறிமுதல் செய்து சாக்குப்பையில் கட்டினார். இவ்வாறாக, என் கல்லே எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல நான் குற்றவாளி ஆனேன்.

12. விதிப்படி பறிமுதல் செய்யப்பட்ட போலி எடைக்கற்கள் சாட்சிகள் முன்னிலையில் உடைத்து அழிக்கப்படும். அதற்கான நாள் வரும் வியாழன், காலை பதினோரு மணி, அலுவலகப் பின்முற்றம். குற்றவாளி என்ற முறையில் எனக்கும் அழைப்பு வந்துள்ளது. அன்றே என் உரிமமும் நீக்கப்படும். எதிரிலிருக்கும் தையல்காரர் இப்போதே, "அண்ணே, கள்ளக் கிலோ வெளிநாட்டுச் சரக்காமே?" என்று தெருவே கேட்கும்படி விசாரிக்கிறார். கேலியைப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் பதினெட்டு ஆண்டுகள் தன் நாட்டுக் கிலோவைச் சுமந்த ஒரு மனிதர், தன் அமைச்சர் ஒருநாள் பொதுக் கிலோவைப் பார்க்க வரும்போது என்ன பதில் சொல்வார் என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

13. ஆகவே கீழ்க்கண்டவற்றுக்கு ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். முதலாவதாக, வியாழன் நிகழ்ச்சியை நிறுத்தி அந்த நாட்டின் கிலோவை அந்த நாட்டிடமே ஒப்படைக்க வேண்டும். இரண்டாவதாக, என் கல்லை எனக்குத் தர வேண்டும். முடியாது என்றால், காவலர் இருவரோடும் அதை ஒரு மணி நேரம் என் கடைக்கு அனுப்பிவைத்தால் போதும். ஆய்வாளர் பார்த்து ஆண்டு முத்திரை குத்தியதும் பேழையிலேயே திருப்பி வைத்துவிடலாம். அதுவும் முடியாது என்றால், அந்தக் கண்ணாடிப் பேழை இருக்கும் அறையை என் கடையின் கிளை என்று அறிவித்து உரிமத்தைப் புதுப்பிக்கலாம். நான் ஒப்பந்தத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. அந்தக் கல் நல்ல கல்தான். யாரிடம் இருந்தாலும் சரியாகவே நிறுக்கும்.

14. நேற்று மாலை தங்கள் அலுவலக உதவியாளர் என் கடைக்கு வந்தார். முகத்தைப் பார்க்காமல், "ஆபீஸ்ல சம்மட்டி இல்லைங்க. அஞ்சு கிலோ சம்மட்டி ஒண்ணு வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றார். அலமாரியில் சம்மட்டி இருந்தது. ஆனால் அது ஐந்து கிலோதானா என்று நிறுத்துச் சொல்ல என்னிடம் கல் இல்லை என்றும், எடை உறுதி செய்யாத சரக்கை விற்பது தங்கள் சட்டப்படி குற்றம் என்றும் தெரிவித்தேன். "அதுவும் சரிதாங்க" என்றவர், இரண்டு படி இறங்கித் திரும்பி நின்று, "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சம்மட்டி விற்கும் கடை இங்கே இன்னும் ஒன்றே ஒன்றுதான், தெருக்கோடியில். அந்தக் கடைக்காரர் தன் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். வியாழன் காலை ஒன்பதரை மணி வண்டியில் திரும்புகிறார். அதற்குள் தங்கள் உத்தரவை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
ஆணிக்கடை உரிமையாளர் (வியாழன் வரை)

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: கல்லாப்பெட்டி அருகே

நகல்: ஐந்தாவது நாட்டின் பெட்டி சுமக்கும் அதிகாரி அவர்களுக்கு, தகவலுக்காகவும் உடனே கிளம்புவதற்காகவும்.