ஊமை ஹாரன்

என் வீட்டு முதலாளியம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகம்தானே? உன் பல்வலி தேவலையா?

நேற்று காரில் ஹாரன் ஊமையாகிவிட்டது. பயப்படாதே, வண்டிக்கும் எனக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பதுங்கிப் பதுங்கி ஓட்டினேன். பின் சீட்டிலிருந்து இங்குள்ள முதலாளியம்மா, "என்னப்பா, இன்னிக்கு இவ்வளவு அமைதியா ஓட்டுற? வீட்டு ஞாபகமா? லீவு வேணுமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு சபலம்!

வண்டியை நிறுத்தியதும் ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். ஹாரனுக்கான ஃபியூஸில் மெல்லிய கம்பி கருகி அறுந்திருந்தது. மூடியிலேயே அதே எண் போட்ட உபரி ஒன்று இருந்தது. பழையதைப் பிடுங்கிவிட்டு அதைச் செருகினேன். அவ்வளவுதான் வைத்தியம்.

சரியாகிவிட்டதா என்று அமுக்கினால், ஊரில் இருந்தபோது வேலை முடிந்து வரும்போதெல்லாம் நம் தெருமுனையில் பாப்பாவுக்காக அடிப்பேனே, அதே மாதிரி இரண்டு தரம் கை தானாக அடித்துவிட்டது. முதலாளியம்மா கைதட்டிச் சிரித்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. பாப்பா மாதிரி கேட்டைத் திறக்கத்தான் யாரும் ஓடி வரவில்லை.

அடுத்த தடவை பேசும்போது போனை நம் கேட் பக்கம் பிடித்துக்கொண்டு, பாப்பாவை ஒருமுறை திறந்து மூடச் சொல். அந்தச் சத்தத்தைக் கேட்டு, கீலுக்கு எண்ணெய் போட வேண்டுமா என்று சொல்கிறேன்.

இங்குள்ள அம்மா கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உன் டிரைவர்