கிரெய்க் கையில் நில் பலகை

புரிண்டா, செப்டம்பர் 18

அன்பு மகள் ரெனீக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை மார்லீ எழுதுகிறாள். நானும் இவளும், முந்தாநாள் என் செருப்பில் பாதியைத் தின்று ஜீரணித்துவிட்ட நாயும் சுகம். கடற்படைப் பயிற்சி முகாமில் நீயும் சுகமாக, மூன்று வேளையும் தட்டை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாமே, அதனால்தான் இந்தக் காகிதமும் தபால்தலையும். வெள்ளம் வரும் ஒரு வாரம் போக மற்ற நாளெல்லாம் முழங்கால் நனையாத ஆற்றங்கரையிலிருந்து ஒரு பெண் கடலுக்குப் போயிருக்கிறாள் என்று ஊரே சிரித்துக்கொண்டே பெருமைப்படுகிறது. நானே எழுதாமல் இவளை எழுதச் சொல்வதற்குக் காரணம், என் கை நடுங்குகிறது. பதறாதே, வியாதி இல்லை. ஏன் நடுங்குகிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. (நான் மார்லீ. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு, அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது தாண்டிவிடுவேன். உன் கட்டிலில் இப்போது நாய்தான் படுக்கிறது. உன்னைவிடக் குறைவாகத்தான் குறட்டை விடுகிறது.)

நீ கிளம்பின மறுவாரமே புதுப் பால வேலை ஆரம்பித்துவிட்டது. அரசாங்கப் பணத்தில் கட்டுகிற பாலம், அதனால் காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனி நம்ம ஆட்களையும் வேலைக்கு வைத்தாக வேண்டும் என்று விதி. அவர்கள் எழுதிக்கொடுத்த திட்டத் தாள் ஆபீஸாக வைத்திருக்கிற இரும்புப் பெட்டியறையில் டீ கெட்டிலுக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது, உள்ளூர்ப் பூர்வகுடியினர் எட்டுப் பேர், அதில் இருவர் இயந்திரம் ஓட்டுவோர் என்று. ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டு ரொட்டிக்குள் சாசேஜ் வைத்துக் கொடுத்துப் பேர் எழுதினார்கள். நானும் உன் பெவன் மாமாவும் லைசென்ஸைக் கையிலேயே கொண்டுபோனோம், எனக்கு ரோடு ரோலர், அவனுக்கு மண் தோண்டுகிற மிஷின். ஆறு வாரம் நான் வெளியூர் போய் அந்த லைசென்ஸ் வாங்கினபோது நீதானே வீட்டில் சமைத்துப் போட்டாய், மார்லீ இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். (கரிந்த வெங்காயம், கரியாத வெங்காயம், இரண்டு வகைக் குழம்பு.) எட்டுப் பேரையும் எடுத்தார்கள், மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் எட்டுப் பேர் கையிலும் துடைப்பம், இல்லாவிட்டால் ஒரு பக்கம் நில், மறுபக்கம் மெதுவாகப் போ என்று எழுதின பலகை. எனக்குப் பலகை. (பலகை பிடிக்கப் பல கை இருந்தது, மிஷினில் மட்டும் நம்ம கை ஒன்றுகூட இல்லை.) ரோலரை ஓட்ட நகரத்திலிருந்து ஒருத்தன் விமானத்தில் வந்து போனான். நான் தினமும் மத்தியானம் அந்த ரோலரின் நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். மேஸ்திரி கிரெய்க் கெட்டவன் இல்லை, என்னைப் பார்த்தால் "அடுத்த வாரம் பார்க்கலாம் கோரல்" என்பான், அவனுடைய அடுத்த வாரம் பதினொரு வாரமாக வந்துகொண்டே இருந்தது. எனக்கு அது விளையாட்டில்லை மகளே. எங்கே வேலை கேட்டாலும் முதல் கேள்வி, எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கிறாய் என்பதுதான். என் புத்தகத்தில் பயிற்சியில் ஓட்டின நாற்பது மணி நேரம், அதற்கப்புறம் வெறும் தாள். நவம்பரில் பாலம் முடிந்தால் ரோலர் லாரியில் ஏறிப் போய்விடும், நான் நாற்பத்தாறு வயதில் திரும்பவும் மோட்டலில் படுக்கை விரிக்கப் போக வேண்டும். அந்தப் படுக்கைகளை நினைத்தாலே என் இடுப்பு தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இப்படி இருக்கும்போது, சொன்னபடி நம்ம ஆட்கள் வேலையில் இருக்கிறார்களா என்று பார்க்க அரசாங்கத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. கிரெய்க் எல்லோருக்கும் புதுச் சட்டை கொடுத்து, என்னிடம் மட்டும் தனியாக, "கோரல், வர்ற காரை நிறுத்தாம அனுப்பிடு" என்றான். செவ்வாய்க்கிழமை காலை வெள்ளைக் கார் வந்தது, எதிரே ஆட்டு லாரி வந்தது, ஒற்றைப் பாதை, நிறுத்தாமல் என்ன செய்வேன்? உள்ளே பார்த்தால் நம்ம நிறத்தில், நம்ம நெற்றியோடு ஒரு பெண். கேட்காமல் இருக்க முடியுமா, நீயே சொல். "நீ யார் வீட்டுப் பொண்ணுடி?" என்று கேட்டேன். பேர் நரெல், ஆற்றுக்கு மேலே இருக்கிற ஊர் என்றாள். "அந்த ஊர்ல யாரு?" என்றேன். "லெஸ் மக" என்றாள். எந்த லெஸ்? பல் இடைவெளியில் விசில் அடிப்பானே, என் சித்தி மகன் லெஸ்! "அடியே, நான் உனக்கு அத்தைடி" என்று நான் கத்த, அவள் கதவைத் திறந்து இறங்கி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். லெஸ்ஸுக்கு முட்டி எப்படி, யாருக்குக் குழந்தை, யார் யாரை விட்டுப் போனாள் என்று ஒரு சுற்று வர வேண்டாமா? அதற்குள் ஆட்டு லாரி எப்போதோ போய்விட்டது, அவள் காருக்குப் பின்னால் பதினாலு வண்டி நிற்கிறது, பலகை இன்னும் நில்லிலேயே நிற்கிறது. (அதில் ஒன்று பள்ளிக்கூட பஸ், உள்ளே நான் இருந்தேன். கணக்குப் பரீட்சை போச்சு. அத்தை உறவு வாழ்க.) கிரெய்க் வாக்கிடாக்கியில், "கோரல், அங்க என்ன ஆச்சு?" என்று கூப்பிட்டான். "குடும்ப விஷயம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உள்ளே போன நரெல் பேனாவையே திறக்கவில்லை. "நான் ஆய்வு எழுதக் கூடாது, பலகை பிடிக்கிறது எங்க அத்தை" என்று கிரெய்க்கிடம் சொல்லிவிட்டாள், சொந்தக்காரர் இருக்கிற இடத்தைச் சொந்தக்காரர் சோதிக்கக் கூடாதாம். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, அதை மட்டும் நிரப்பிக்கொண்டு, வீட்டுக்கு வருவதாகச் சொல்லி, போய்விட்டாள். வியாழக்கிழமை டேரன் என்று இன்னொருவனை அனுப்பினார்கள், அவனும் நம்ம ஆள்தான். கிரெய்க் விவரமாக என்னைக் கொட்டகைக்குப் பின்னால் பெருக்க விட்டு, "வாயைத் திறக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு பெருக்கினேன். ஆனால் டேரனுக்கும் கண் இருக்கிறதே. டீ வேளையில் பெவனையே பார்த்துக்கொண்டிருந்தவன், "இந்த மூக்கை என் பொண்டாட்டி வீட்டுச் சுவத்துல மாட்டின போட்டோவுல பாத்திருக்கேனே" என்றான். பார்த்தால் அவன் மனைவியின் தாத்தாவும் பெவனின் தாத்தாவும் அண்ணன் தம்பி. அவனும் படிவம் நிரப்பிக்கொண்டு கிளம்பினான். கிரெய்க் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, "இந்த மாநிலத்துல உங்களுக்குச் சொந்தமில்லாத ஆளே கிடையாதா?" என்றான். "நீ ஒருத்தன் இருக்கியே, ஆனா எங்க ஒண்ணுவிட்ட தங்கச்சி ஒருத்தி உன்னைப் பத்தி விசாரிக்கிறா, எதுக்கும் ஜாக்கிரதையா இரு" என்றேன். அவனுக்குக் காது சிவந்துவிட்டது. (பாஸ்கோம் தெரு வெண்டி சித்தி. பாவம் கிரெய்க்.)

நேற்று வந்தார் மூன்றாவது ஆள், கோலின், வெள்ளைக்காரர், ஒல்லி, பெரிய தொப்பி, எங்களில் யாருக்கும் சொந்தமில்லை. காரை நிறுத்தினேன், தலையை ஆட்டினார், உள்ளே போய்விட்டார். கிரெய்க் முகத்தில் நிம்மதி, எனக்குத்தான் கவலை. எட்டுத் தலையை எண்ணிக் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டால் அப்புறம் நவம்பர்வரை எவன் வரப்போகிறான் என்று பலகையைப் பிடித்தபடி நின்றேன். பார்த்தால் கோலின் கையில் இரண்டு தாளோடு நேரே என்னிடம் வருகிறார், பின்னாலேயே கிரெய்க். அந்தச் சொந்தக்காரர் படிவத்தில் உறவுக்காரர் யார், என்ன தொழில், இப்போது என்ன செய்கிறார் என்று மூன்று கட்டம் இருக்கிறதாம். நரெல் எழுதியிருக்கிறாள், அத்தை கோரல், ரோடு ரோலர் ஓட்டுநர், லைசென்ஸ் உண்டு, பலகை பிடிக்கிறார். டேரன் எழுதியிருக்கிறான், பெவன், மண் தோண்டும் இயந்திரம், லைசென்ஸ் உண்டு, பெருக்குகிறார். ஆய்வு எழுதக் கூடாதென்றால் என்ன, உறவை எழுதலாமே! கோலின் தாளைப் பார்த்தார், என் பலகையைப் பார்த்தார், கிரெய்க்கைப் பார்த்தார். "உங்க திட்டத் தாள்ல சொன்ன ரெண்டு ஓட்டுநர் இவங்கதானா?" என்றார். கிரெய்க் அவசரமாக, "ஆமா, இன்னிக்குத்தான் ஏறப் போறாங்க" என்றான். "நல்லது, நான் நின்னு பாக்கறேன்" என்றார் அவர். நான் பலகையை கிரெய்க் கையில் கொடுத்தேன். அவனும் வாங்கிக்கொண்டான்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி ஏறுவதற்கு முன் மிஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன், எண்ணெய், பிரேக், உருளைக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா என்று. இருந்தது, என் சாப்பாட்டு டப்பா! நிழலில் நானே வைத்ததுதான், அன்றைக்கென்று உருளையை ஒட்டி வைத்திருக்கிறேன். எடுத்து, வேறு ஆள் பக்கத்தில் இல்லாததால், கோலின் கையில் கொடுத்து, "பிடிங்க, உள்ள அடுப்புல சுட்ட ரொட்டி இருக்கு, பசிச்சா சாப்பிடுங்க" என்றேன். அவர் தாளில் ஒரு டிக் போட்டார், அப்புறம் ஒரு ரொட்டியும் எடுத்தார். ஏறி உட்கார்ந்தேன், சாவியைத் திருப்பினேன், அது உறுமின உறுமலில் பதினொரு வாரமும் உதிர்ந்து விழுந்தது மகளே. முன்னால் போய், பின்னால் வந்து, முன்னால் போய், ஜல்லி எனக்குக் கீழே அப்பளமாகப் படிந்தது. நேற்றும் இன்றும் ஓட்டிய அதிர்வுதான் இப்போது கையில். அங்கே பெவனும் மண்ணை அள்ளிக்கொண்டு பாட்டுப் பாடுகிறான். (பள்ளிக்கூட பஸ் அப்போதுதான் வந்தது. கிரெய்க் பலகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ரோலர் ஓட்டும் அம்மாவை நாங்கள் நாற்பது பேர் சேர்ந்து ஓட்டினோம்.) இறங்கி வந்ததும் கோலினைப் பார்த்தேன், இரண்டாவது ரொட்டியில் இருந்தார், அந்தக் கன்னத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பழக்கம் விடுமா, "ஆமா, நீங்க யார் வீட்டுப் பையன்?" என்று ஆரம்பித்தேன். கிரெய்க் பலகையோடு ஓடி வந்து, "கோரல், வேண்டாம்! முதல்ல கையெழுத்து ஆகட்டும்!" என்று கத்தினான். கையெழுத்து ஆயிற்று. என் புத்தகத்தில் இதோடு ஐம்பத்திரண்டு மணி நேரம்.

நீ அங்கே யாரோடும் வம்பு வளர்க்காதே, வளர்த்தால் நியாயத்துக்கு வளர். கப்பலில் நம்ம நெற்றியோடு யாரைப் பார்த்தாலும் யார் வீடென்று கேட்டுவை, என்றைக்காவது உதவும். ஈரக் காலுறையோடு தூங்காதே. நம்ம முன்னோர் உன் கூடவே நடப்பார்கள், கடலிலும் நடப்பார்கள், அவர்களுக்கு நீச்சல் தெரியும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது பாலம் திறந்திருக்கும். அதற்கு முந்தின அரை மைல் ரோடு உன் அம்மா போட்டது, மெதுவாக ஓட்டி வா. மெதுவாகப் போ என்று பலகை பிடிக்க நான் அங்கே நிற்க மாட்டேன்.

உன் அம்மா,
கோரல், ரோலர் ஓட்டுநர்

(எழுதியது மார்லீ. ரோலர் ஓட்டுநர் என்பதற்கு அடியில் மூன்று தடவை கோடு போடச் சொன்னாள் அம்மா. நான் ஒன்றுகூடப் போடவில்லை, அவளே நடுங்கும் கையால் போட்டாள், பார்.)