வெற்றிசெல்வன் கைக்கு ஒரு பேனா

அறந்தாங்கி
3.6.2024

அன்புள்ள புவனேஸ்வரிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? உங்களைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அம்மா தினமும், "என்னடா, பொண்ணு வீட்டுல என்ன சொல்றாங்க?" என்று நச்சரிக்கிறாள். நான் என்ன சொல்ல? நீங்கள்தான் வாசல்வரை வந்து, "போன்ல எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க. கடுதாசி போடுங்க, படிச்சிட்டுச் சொல்றேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்களே!

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறைக்காரன். 'செவ்வாய்க்கிழமை ரெடி' என்று சீட்டு எழுதுவதோடு சரி. கடிதத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. உங்களைப் பிடித்திருக்கிறது. அதை எழுதியாயிற்று.

உங்கள் பேனாக் கடையில் இங்க் பேனா நிறைய இருப்பதாகச் சொன்னார்கள். இந்தக் கையெழுத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்து ஒன்று அனுப்புங்கள்.

அன்புடன்,
வெற்றிசெல்வன்


புதுக்கோட்டை
8.6.2024

அன்புள்ள வெற்றிசெல்வன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு முன்னால் அப்பா படித்துவிட்டார். இரண்டாம் தரமும் படித்தார்.

கையெழுத்து பொடிப்பொடியாக, அழுத்தமில்லாமல், வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஓடுகிறது. இதற்கு மீடியம் நிப் கொடுத்தால் 'ழு'வின் வயிற்றுக்குள் மை அடைத்துக்கொள்ளும். அதனால் ஃபைன் நிப் போட்டு, கனமில்லாத பேனாவாக அனுப்பியிருக்கிறேன்.

பதிலை இந்தப் பேனாவாலேயே எழுதுங்கள். நீங்களே எழுதுங்கள். கையில் எப்படி ஓடுகிறதென்று பார்த்தால்தான் மேற்கொண்டு சொல்ல முடியும். பேனாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அன்புடன்,
புவனேஸ்வரி


அறந்தாங்கி
14.6.2024

அன்புள்ள புவனேஸ்வரிக்கு,

தாளைப் பார்த்தீர்களா? மை இழுவிக் கிடக்கிறது. இரண்டு இடத்தில் கிழிந்தே போயிற்று. பேனா மேல் தப்பில்லை. போன கடிதம் நான் சொல்லச் சொல்ல என் தங்கச்சி ரம்யா எழுதியது. அவள் கையில் இந்தப் பேனா வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. "இதையும் நானே எழுதிர்றேண்ணே, அவங்களுக்கு எங்க தெரியப்போவுது" என்றாள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

எனக்குப் பீச்சாங்கைப் பழக்கம். பட்டறையில் யாரும் கண்டுகொள்வதில்லை, அம்மாவுக்குத்தான் பெரிய குறை. உங்கள் வீட்டுக்கு வந்த அன்று பஸ் முழுக்க, "எதக் குடுத்தாலும் சோத்தாங்கையால வாங்குடா" என்று பாடம். முன்பு பார்த்த ஒரு பெண் வீட்டில் இதைச் சொல்லித்தான் வேண்டாமென்றார்கள். நீங்களும் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன். இப்போதும் பயம்தான்.

பேனாவைத் திருப்பி அனுப்பட்டுமா?

வெற்றிசெல்வன்


புதுக்கோட்டை
19.6.2024

அன்புள்ள வெற்றிக்கு,

திருப்பி அனுப்ப வேண்டாம், அது ரம்யாவுக்கு. அவள் எழுத்துக்குத்தானே தேர்ந்தெடுத்தேன்!

நீங்கள் காபி டம்ளருக்குப் பீச்சாங்கையை நீட்டியதையும், உங்கள் அம்மா கிள்ளியதையும், பதறிப்போய்க் கை மாற்றியதில் வேட்டியில் காபி சிந்தியதையும் அன்றைக்கே பார்த்துவிட்டேன். பீச்சாங்கையால் எழுதினால் கை ஈர மையின் மேலேயே போகும். பிறகு வந்த கடிதத்தில் ஒரு பொட்டு இழுவல்கூட இல்லை. பேனாக் கடைக்காரியிடமா உங்கள் வேலையைக் காட்டுகிறீர்கள்? பீச்சாங்கைக்காரர் நிப்பைத் தள்ளிக்கொண்டு போவார், ஃபைன் நிப் தாளில் குத்தும். தெரிந்தேதான் அனுப்பினேன். மறுபடியும் ரம்யா எழுத்திலேயே பதில் வந்திருந்தால் அப்பாவிடம் வேண்டாமென்று சொல்லியிருப்பேன். எந்தக் கையாக இருந்தால் எனக்கென்ன? ஒளித்துக்கொண்டே இருக்கிறவரோடு என்னால் குடும்பம் நடத்த முடியாது.

இத்துடன் உங்கள் பேனா. உருண்டை முனை வைத்த மீடியம் நிப், சீக்கிரம் காய்கிற மை. தாளை வலப்பக்கம் சாய்த்து வைத்து, கையை வரிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் சரி சொல்லிவிட்டேன். ஆவணியில் முகூர்த்தம் பார்க்கிறார். ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் பக்கத்துப் பத்திரிகைகளுக்குப் பெயரெல்லாம் நீங்கள்தான் எழுத வேண்டும். எல்லோரும் பார்க்க நடுவீட்டில் உட்கார்ந்து, அந்தக் கையால்.

புவனா


அறந்தாங்கி
12.7.2024

அன்புள்ள புவனாவுக்கு,

இன்று பத்திரிகைக்குப் பெயர் எழுத உட்கார்ந்தேன். முதல் பத்திரிகை எங்கள் அய்யனாருக்கு வைக்கிறது. அம்மா எதிரே மஞ்சள் கிண்ணத்தோடு இருந்தாள். நான் பேனாவை எடுத்ததுமே, "டேய், சாமிக்குடா. இத மட்டும் ரம்யா எழுதட்டும்" என்றாள். ரம்யா, "எனக்குக் கை வலிக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நீங்கள் சொன்ன மாதிரியே சாய்த்து வைத்து எழுதினேன். எழுதிய கையாலேயே நீட்டினேன். அம்மா ரொம்ப நேரம் வாங்கவில்லை. நான் கையை மாற்றவில்லை.

கடைசியில் வாங்கினாள். மை இழுவுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தாள்.

"அடுத்தத எழுதுடா" என்றாள்.

உங்கள்,
வெற்றி