நாமினி என்ற கட்டத்தில் நீங்கள் எழுதிய பெயர்

அன்புள்ள சங்கரலிங்கம்,

திடுக்கிட வேண்டாம், நான்தான். முப்பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் ஒருமுறைகூட உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவள், தில்லிக் கல்லூரி ஒன்றில் ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தியவள், கணவன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘அவுக’ என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். பகுத்தறிவுக்கும் பழக்கத்துக்கும் நம் வீட்டில் தனித்தனி அறை இருந்தது. இப்போது அரசாங்கச் சன்னல்களின் முன்னால் நின்று உங்கள் பெயரை உரக்கச் சொல்லிச் சொல்லி நாக்குப் பழகிவிட்டது.

நீங்கள் போய் இரண்டு வருடங்கள் முடியப்போகின்றன. துவாரகாவுக்கு மெட்ரோ வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை. அது இன்னும் டேங்கர் லாரியில்தான் வருகிறது. நம் பெண் தேவகிக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். நான் உங்கள் தம்பி மேல் வழக்குப் போட்டிருக்கிறேன்.

செய்திகளை இந்த வரிசையில் சொன்னதற்குக் காரணம் உண்டு. கடைசிச் செய்தியைக் கேட்டதும் நீங்கள் மற்றவற்றைக் காதில் வாங்க மாட்டீர்கள்.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், உங்கள் அமைச்சக நண்பர்கள் சேர்ந்து வீட்டுவசதிச் சங்கம் தொடங்கினார்களே, அப்போது நீங்கள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்திலிருந்து இது தொடங்குகிறது. அதில் நாமினி என்ற கட்டத்தில் உங்கள் தம்பியின் பெயரை எழுதினீர்கள். பிறகு சங்கம் வீடு கட்டியது, நாம் குடிவந்தோம், நீங்கள் ஓய்வு பெற்றீர்கள், இறந்தும் போனீர்கள். அந்தக் கட்டம் மட்டும் அப்படியே இருந்தது. அலுவலகத்தில் மற்றவர் கோப்புகளில் ஒரு தேதி விடுபட்டாலும் திருப்பி அனுப்பிய மனிதர் நீங்கள். சொந்தக் கோப்பை ஏன் ஒருமுறை திறந்து பார்க்கவில்லை?

எனக்கு இது தெரியவந்தது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில். டேங்கர் எங்கள் பிளாக்குக்கு மட்டும் ஏன் மதியத்துக்குமேல் வருகிறது என்று கேட்க எழுந்தேன். செயலாளர் கையைக் காட்டி, “மாதாஜி, பைட்டியே, பைட்டியே. மெம்பர் மட்டும்தான் பேசலாம்” என்றார்.

“மெம்பர் யார்?”

“ஆப் கே தேவர்ஜி. டிரான்ஸ்ஃபர் ஆகி ஆறு மாசம் ஆச்சே, உங்களுக்குச் சொல்லலியா?”

தேவர்ஜி என்றால் கணவனின் தம்பி. சென்னையில் வசிக்கும் அந்தத் தேவர்ஜி இந்தக் கட்டடத்தின் தொட்டியிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. பத்தாண்டுகளாக அதில் குடித்துக் குளித்து வருபவளை நாற்பது பேர் முன்னிலையில் உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. ஆனால் பேசவும் விடவில்லை.

அன்றே உங்கள் தம்பிக்குத் தொலைபேசினேன். அவருக்குக் குற்றவுணர்வு துளியும் இல்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

“அண்ணன்தான் சொன்னாவ மதினி, ‘அவ எதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையணும், நீ பாத்துக்கிடு’ன்னு. நான் பாத்துக்கிட்டேன். நீங்க இருக்குத வரைக்கும் இருந்துக்கிடுங்க. உங்கள யாரு போகச் சொல்லுதா?”

இருக்கிற வரைக்கும் இருந்துகொள்ளலாமாம். என் வீட்டில் நான் வசிக்க எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நான் செத்த பிறகு தேவகிக்கு என்ன என்று கேட்டேன். “அவளுக்கு என்ன மதினி, நல்ல வேலயில இருக்கா” என்றார். உங்கள் தம்பி கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

தேவகியிடம் சொன்னபோது அவள் தன் தில்லித் தமிழில், “அம்மா, சித்தப்பா அச்சா ஆத்மிதானே? சோடோ நா. கோர்ட்டுக்கெல்லாம் போனா லோக் க்யா கஹேங்கே?” என்றாள். சித்தப்பா நல்ல மனுஷன், விட்டுவிடு என்கிறாள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் மட்டும் எந்த மொழியில் வளர்ந்தாலும் நம் பிள்ளைகளுக்குப் பிசகில்லாமல் வந்துவிடுகிறது.

வக்கீல் ஒருவரிடம் போனேன். வீட்டின் இன்றைய சந்தை விலையைக் கேட்டுக்கொண்டு, கோர்ட்டு ஃபீஸ் அந்த விலையின் மேல்தான் என்றார். அவர் சொன்ன தொகையைக் கட்டினால், வழக்கில் ஜெயித்த வீட்டில் பட்டினிதான் கிடக்க வேண்டும். எந்தப் பிரிவின் கீழ் அப்படி என்று கேட்டேன்.

“அரே மாதாஜி, பிரிவெல்லாம் எங்க தலைவலி. நீங்க பூஜை-பாட் பண்ணுங்க. தேவர்ஜியோட சமாதானமாப் போயிடுங்க.”

எழுந்து வந்துவிட்டேன். நீதிமன்ற வாசலில் நடைபாதைக் கடையில் கோர்ட்டுக் கட்டணச் சட்டம் ஒல்லியான ஒரு புத்தகமாகக் கிடைத்தது. ஒரு வாரம் படித்தேன். உருப்படியில்லாத விடைத்தாள்களை இரண்டு முறை படித்து மதிப்பெண் தேடியவளுக்கு அது பெரிய காரியமில்லை. கட்டணம் நம்மிடம் என்ன சொத்து இருக்கிறது என்பதைப் பார்த்து விதிப்பதில்லை. நீதிமன்றத்திடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதைப் பார்த்து விதிப்பது. வீட்டின் வசத்தை, அதாவது வீட்டை என் கையில் ஒப்படைக்கும்படி, கேட்டால் வீட்டு விலையின் மேல் கட்ட வேண்டும். நான் எதற்கு வசத்தைக் கேட்க வேண்டும்? என் ஊறுகாய் ஜாடி அங்கேதான் இருக்கிறது, நானும் அங்கேதான் இருக்கிறேன். நானும் மகளும்தான் வாரிசுகள் என்று அறிவியுங்கள், அவர் வீட்டை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்று தடை விதியுங்கள், இவ்வளவுதான் என் கோரிக்கை. அதன் மதிப்பை நியாயமான வரம்புக்குள் வழக்குப் போடுகிறவளே குறிப்பிடலாம். அப்படிக் குறிப்பிட்டால் வந்த கட்டணம், என் கண் ஆபரேஷனுக்கு ஆனதைவிடக் குறைவு.

வக்கீல் பொய் சொல்லவில்லை. நான் கேட்க வேண்டியதில்லாத ஒன்றைக் கேட்க வைத்து, அதற்கு விலை சொன்னார்.

பிறகு தாக்கல் செய்யும் சன்னல். பிராது தட்டச்சாகி, கட்டண ஸ்டாம்பு ஒட்டி, பிரதிகள் எடுத்துக் கொண்டுபோய் நீட்டினேன். முதல் நாள் பக்க எண் இல்லை என்று திரும்பியது. அடுத்த முறை ஓரத்தில் விட்ட இடம் போதவில்லை. மூன்றாம் முறை, சம்மன் அனுப்புவதற்கான தனிக் கட்டணத்தைக் கட்டவில்லை. ஒவ்வொரு முறையும் குறையைப் பென்சிலால் எழுதித் தந்தார்கள். மொத்தக் குறைகளையும் ஒரே நாளில் சொல்லிவிடலாமே என்று கேட்டேன். குமாஸ்தா என்னைப் புதிதாகப் பார்த்தார். அப்படி யாரும் கேட்டதில்லை போலும்.

நான்காம் முறை பிரமாணப் பத்திரம். மரத்தடியில் மேசை போட்டிருந்த உறுதிமொழி ஆணையர், “மாதாஜி, நீங்க நீங்கதான்னு வக்கீல் கையெழுத்துப் போடணும்” என்றார்.

“இதோ ரேஷன் கார்டு. இதோ வாக்காளர் அட்டை. இதோ பென்ஷன் புத்தகம், படத்தோடு.”

“அதெல்லாம் கார்டு. வக்கீல் சொல்லணும்.”

அடுத்த மேசையில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த இளம் பெண் வக்கீல் கையைத் துடைத்துக்கொண்டு, “குடுங்க ஆண்ட்டி” என்றாள். மூன்று அட்டைகளையும் வாங்கிப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். “போட்டோல கொஞ்சம் கோபமா இருக்கீங்க.” நேரிலும் அப்படித்தான் என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்திட்டாள். காசு வாங்க மறுத்துவிட்டாள்.

ஐந்தாம் முறை சன்னலில் குமாஸ்தா எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்து, “வக்கீல் கஹாங் ஹை?” என்றார். வக்கீல் எங்கே என்றால், நான்தான். “பதி கா நாம்?” என்றார். கணவர் பெயர்.

காகிதத்தில் இருக்கும் உங்கள் பெயரை விரலால் காட்டினேன்.

“படிச்சிட்டிருக்க முடியாது, சொல்லுங்க. ஜல்தி, மாதாஜி, ஜல்தி!”

பின்னால் வரிசை முனகியது. “சங்கரலிங்கம்” என்றேன். கேட்கவில்லை என்றார். சங்கரலிங்கம் என்று கத்தினேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. வானம் இடியவில்லை. உங்களுக்கு ஆயுள் குறைய இனி இடமுமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேவகியையும் பிரதிவாதியாகச் சேர்த்திருக்கிறேன். வாரிசு யாரையும் விட்டுவிட்டு வழக்குப் போட முடியாது. அவள் என்னோடு கையெழுத்திட மறுத்துவிட்டாள். ஆகவே எதிர்வரிசையில் இடம். அவளுடைய குர்காவ் அலுவலகத்துக்குச் சம்மன் போன அன்று என்னோடு பேசவில்லை. அதற்கடுத்த ஞாயிறு இட்லி மாவு கேட்டு வந்தாள். கொடுத்தேன்.

முதல் விசாரணையில் உங்கள் தம்பியின் வக்கீல் இரண்டு குண்டுகள் வைத்திருந்தார். கட்டணம் போதாது என்பது முதலாவது. நான் புத்தகத்தில் அடையாளம் வைத்திருந்த பக்கத்தை நீட்டினேன். நீதிபதி, நம் தேவகியின் வயதுடைய பெண், வாங்கிப் படித்தார். அடுத்ததாக அந்த வக்கீல் நீங்கள் நிரப்பிய நாமினி படிவத்தை எடுத்தார். நாமினி என்ற கட்டத்தில் உங்கள் தம்பி. அதன் கீழே, சாட்சி என்ற கட்டத்தில், விசாலாட்சி.

“இது உங்கள் கையெழுத்தா?” என்றார் நீதிபதி.

என்னுடையதுதான். அழகாகக்கூட இருந்தது. அந்த நாள் நினைவுக்கு வந்தது. கிட்வாய் நகர் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளி, “இங்க ஒரு கையெழுத்துப் போடு” என்றீர்கள். போட்டேன். கேள்வியைப் படிக்காமல் பதில் எழுதிய பிள்ளைகளுக்கு இரக்கமில்லாமல் மதிப்பெண் குறைத்துக்கொண்டிருந்த அதே பேனாவால் போட்டேன். இத்தனை நாளும் உங்களை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன். பாதித் திட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

“ஆம், என்னுடையது” என்றேன். “என் கணவர் கையெழுத்திட்டார் என்பதற்கு நான் சாட்சி. அவர் செய்தது சரி என்பதற்கு அல்ல. மேலும், நாமினி என்பவர் பெற்று வைத்திருப்பவர், வாரிசுகளுக்காக. அது அவருடைய பொருள் ஆகாது.”

நீதிபதி சிரிக்கவில்லை, பாராட்டவுமில்லை, எழுதிக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. கட்டணம் போதுமானது, வழக்கு முடியும்வரை வீட்டை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்று உத்தரவாயிற்று.

மறுநாள் உங்கள் தம்பி பேசினார். “மதினி, நமக்குள்ள எதுக்கு இது? வாபஸ் வாங்கிருங்க. நான் உங்க பேருக்கே எழுதிக் குடுத்திருதேன், தானப் பத்திரமா.”

“உங்களுடையதா இருந்தாத்தானே தம்பி, தானம் குடுக்க?”

“என்ன மதினி இப்படிப் பேசுதீங்க. அண்ணன் இருந்தா இப்படி நடக்குமா?”

“இருந்திருந்தா அவுக மேலதான் மொத வழக்கு.”

தேவகியும் தானப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னாள். வீடுதானே வேண்டும், எப்படி வந்தால் என்ன என்கிறாள். எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். தானமாக வந்தால், அது அவருடையதாக இருந்தது என்று நான் ஒப்புக்கொண்டதாகும். பிறகு என் பெண்ணும் காலமெல்லாம் சித்தப்பாவின் பெருந்தன்மையில் குடியிருப்பாள். மறுத்துவிட்டேன். அவள் பதில் மனுவைத் தானே எழுதினாள், என்னிடம் காட்டவில்லை. நீதிமன்றத்தில் பிரதி கிடைத்த பிறகுதான் படித்தேன்: “என் தாயார் கூறுவன அனைத்தும் உண்மை.” ஆங்கிலம் பிழையில்லாமல் இருந்தது.

இந்தக் கடிதத்தை நம்மூர்க்காரர்கள் போடும் ஆண்டு மலருக்குக் கொடுக்கிறேன். நம் குடும்ப விஷயம் நாலு பேருக்குத் தெரியலாமா என்று கேட்பீர்கள். தெரியட்டும். படிக்கிற பெண்கள் மலரை மூடிவிட்டு இரும்புப் பெட்டியைத் திறந்து, நாமினி கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கட்டும். சாட்சி கட்டத்தில் யார் பெயர் என்றும்.

அடுத்த தேதி என் சாட்சியம், குறுக்கு விசாரணை. அந்தத் தேதியிலேயே உங்கள் திதியும் வருகிறது. நமக்கு மகன் இல்லையென்று திதி கொடுக்க வருகிற உங்கள் தம்பி, “அன்னைக்கு மட்டும் வாய்தா வாங்கிருவோம் மதினி, காலைலயே படையல முடிக்கணும்லா” என்கிறார். வாய்தா கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே உங்களுக்கு ஒரு வாக்குறுதி. அன்று காலை பத்து மணிக்கு நான் சாட்சிக் கூண்டில் இருப்பேன். அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, மெட்ரோ பிடித்து வீடு வந்து, உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் நானே செய்து, சாயங்காலம் படைக்கிறேன். பசித்தால் காத்திருங்கள். நான் கட்டணம் கட்டிக் காத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மனைவியும் வாரிசும்,
விசாலாட்சி சங்கரலிங்கம்
துவாரகா, தில்லி