ஆளில்லாத கார்

1960 மார்ச் 8, செவ்வாய்

தூறல். பிள்ளையின் துணிகள் இரண்டாம் நாளும் காயவில்லை. அவளின் அப்பா நேற்றே குளுவாங்குக்குக் காணி அளக்கப் போய்விட்டார், சனிக்கிழமைதான் வருவார்.

வீட்டில் மிளகாய்த்தூள் முடிந்தது ஒரு சாட்டு. சாட்டு என்றே எழுதுகிறேன். சிராங்கூன் சாலைக்குப் போனால் நாலு தமிழ்க் குரலாவது காதில் விழும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினாலு மாதம். இந்தக் குவீன்ஸ்டவுன் மாடியில் எனக்குப் பேச்சுத் துணை நாலு மாதப் பிள்ளை ஒன்றுதான். அவளைப் பின்சீட்டில் தொட்டிலோடு வைத்து மொரிஸ் காரை எடுத்தேன்.

அரைக்கிற மில்லை நெருங்கும்போது வீரிட்டு அழத் தொடங்கினாள். பால் நேரம். ஓரமாக நிறுத்தி, பின்சீட்டுக்கு மாறி, கண்ணாடிகளை ஏற்றி, சேலையால் மூடிக் குனிந்துகொண்டேன். கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. யாரோ தட்டினார்கள். எலுமிச்சம்பழக் கூடையோடு ஒரு பெண்.

"கண்ணாடிய எறக்குங்கம்மா, புள்ளைக்குப் புழுங்கும் லா."

ஒரு விரல் அளவு இறக்கினேன். அவள் போன பிறகு பூட்ஸ் சத்தம், முன்பக்கமாக. வெட்கத்தில் தலையை நிமிர்த்தவில்லை.

முன்சீட்டுக்கு வந்தபோது வைப்பரின் கீழே ஒரு தாள். தடைசெய்த இடத்தில் வண்டியை ஆளில்லாமல் விட்டுச் சென்ற குற்றம். பத்து வெள்ளி அபராதம். ஒப்புக்கொள்ளாவிட்டால் கோர்ட்டில் விசாரணை கேட்கலாம்.

ஆளில்லாமல்.

அப்போ நான் எங்கே இருந்தேன்?

மார்ச் 12, சனி

அவரிடம் காட்டினேன். சப்பாத்தைக் கழற்றியபடியே வாசித்தார்.

"இஞ்சேரும், பத்து வெள்ளி. கட்டிப்போட்டு மறந்துவிடும்."

"நான் காருக்குள்ளைதானே இருந்தனான்."

"கோட்டிலை எழும்பி நிண்டு, பிள்ளைக்குப் பால் குடுத்துக்கொண்டிருந்தனான் எண்டு சொல்லப்போறீரோ? எங்கடை ஆக்களின்ரை காதிலை விழுந்தால்?"

அதை நினைத்தால் எனக்கும் காது சுடுகிறது. ஆனால் காசைக் கட்டினால் அந்தத் தாள் சொல்வது உண்மையாகிவிடும். "தோத்தால் சாவியை உங்களிட்டைத் தாறன், இனி ஓட்டமாட்டன்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? வெளியே போக எனக்கிருக்கிற வழி அது ஒன்றுதானே.

"சரி" என்றார். அவ்வளவு கெதியாய்ச் சரி சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 13

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். நாலாவதில் ஒரே வரி: விசாரணை வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருபது பக்கக் கட்டுரை எழுதியவள் நான்.

மார்ச் 15, செவ்வாய்

அந்த எலுமிச்சம்பழப் பெண்ணைக் கண்டுபிடித்தேன். பெயர் பூவம்மா. முப்பத்தைந்து இருக்கும். கடை வாசலோரம் கூடையோடு குந்தியிருந்தவள் என்னைக் கண்டதும், "அட, கண்ணாடிக்காரம்மா!" என்றாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நான் காருக்குள் இருந்ததைப் பார்த்த ஒரே ஆள். சாட்சி சொல்ல வருவீர்களா என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்கிட்ட விக்கிற லைசென்சு கெடையாதும்மா. போலீசு தலை தெரிஞ்சா கூடையத் தூக்கிட்டு ஓடுறவ. நானே போயி கோர்ட்டுல நிக்கிறதா? நல்லா இருக்கே கத!"

நாலு எலுமிச்சம்பழம் வாங்கினேன். ஐந்தாவதைச் சும்மா போட்டாள். கோபிக்கவும் முடியவில்லை.

ஏப்ரல் 6, புதன்

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் கோர்ட். பிள்ளையை மடியில் வைத்து இரண்டரை மணிநேரம் மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். பெயரைக் கூப்பிட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்றார்கள். இல்லை என்றேன். விசாரணை மே நான்காம் திகதி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பி வரும்போதுதான் நினைத்தேன் — திங்கள் விடிய அவர் புறப்பட்டுப் போன பிறகு, வளர்ந்த ஆள் ஒருவரிடம் நான் சொன்ன முதல் சொல் அந்த "இல்லை".

ஏப்ரல் 14

புதுவருடம். அவருக்கு லீவு இல்லை, தந்தி வந்தது. பால் பொங்கியது, நான் ஒருத்திதான் பார்த்தேன். எதிர்வீட்டுச் சீன அம்மா கதவைத் தட்டி இரண்டு தோடம்பழம் தந்தாள். இரண்டு பேருக்கும் தெரிந்த மொழி ஒன்றில்லை. யார் முதலில் கதவைச் சாத்துவது என்று தெரியாமல் சிரித்தபடியே நின்றோம்.

மே 3, செவ்வாய்

கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். பால் என்ற இடம் வந்ததும் குரல் உள்ளே போய்விடுகிறது.

நாளைக்குக் கூண்டில் ஏற வேண்டும். பிள்ளையை யாரிடம் விடுவது? சாட்சிக்கு அல்ல என்று முதலிலேயே சொல்லிக்கொண்டு பூவம்மாவிடம் போனேன். அவள் ஒரு பிடி கறிவேப்பிலையை உதறு உதறென்று உதறிக்கொண்டிருந்தாள்.

"கூண்டுல ஏற மாட்டேன். பேரு கீரு சொல்ல மாட்டேன். புள்ளைய வேணா வாசல்ல வச்சிருக்கேன். கூடைய வீட்டுல போட்டுட்டு வரேன், சரியா?"

மே 4, புதன்

போலீஸ்காரர் மலாய்க்காரர். என் தம்பியின் வயதுதான். முன்சீட்டைப் பார்த்தாராம், ஆள் இல்லையாம். பொய் சொல்கிற முகமில்லை. அவரை நீங்கள் கேள்வி கேட்கலாம் என்றார் மாஜிஸ்ட்ரேட்.

அதற்கு நான் ஆயத்தமில்லை. என் கதையை மட்டும்தான் பாடமாக்கி வைத்திருந்தேன். காலையிலிருந்து காத்திருந்ததில் பால் கட்டி, மார்பு வலித்து, சட்டை நனையத் தொடங்கியிருந்தது. கையிலிருந்த வழக்குத் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அப்போதுதான் நினைவு வந்தது. பூட்ஸ் சத்தம் கேட்டபோது நான் பிள்ளையை மறுபக்கம் மாற்றினேனே! ஒரு கத்துக் கத்தினாளே!

"தாளை வைத்தபோது குழந்தை அழும் சத்தம் கேட்டதா?"

அவருக்கு மலாயில் சொன்னார்கள். நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"ஆடா," என்றார். உண்டு. மேல்மாடி வீட்டிலிருந்து வருகிறது என்று நினைத்தாராம்.

"அது என் பிள்ளை. பின்சீட்டில் அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்."

சொல்லிவிட்டேன். பின்வரிசை வாங்கில் யாரோ செருமினார்கள், அவ்வளவுதான். ஏன் தலையை நிமிர்த்தவில்லை என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். "வெட்கம்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அங்கே நிறுத்தியது சரியல்ல, ஆனால் வழக்கு ஆளில்லாமல் விட்டதற்கு, அது நிரூபணமாகவில்லை என்றார். தள்ளுபடி.

வெளியே பூவம்மா பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். அவளுக்குப் பின்னால் காக்கிச் சட்டைகள் போவதும் வருவதுமாக இருந்தன.

"ஜெயிச்சிட்டிங்களா? அப்ப புள்ளையப் புடிங்க, எனக்கு ஒதறலெடுக்குது!"

மே 7, சனி

ஒன்றும் விடாமல் அவரிடம் சொன்னேன்.

"எல்லாருக்கும் முன்னாலையோ?"

"ஓம்."

சோற்றைக் குழைத்தார். பிறகு, "பிள்ளை அவ்வளவு கத்தினவளோ?" என்றார்.

பிள்ளை பிறந்த பிறகு, என் பகலைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

சாவி ஆணியிலேயே தொங்குகிறது.

ஜூன் 21, செவ்வாய்

ஆறு கிழமையாய் எழுதவில்லை. செவ்வாய் தோறும் சிராங்கூன் சாலைக்குப் போகிறேன். காரைச் சந்துக்குள், நிறுத்தலாம் என்று போட்டிருக்கும் இடத்தில்தான் விடுகிறேன்.

இன்று பின்சீட்டில் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கதவு படாரென்று திறந்தது. பூவம்மா, கூடையும் தானுமாக உள்ளே விழுந்தாள்.

"நகருங்கம்மா, வர்றானுங்க!"

எலுமிச்சம்பழங்கள் காலடியில் உருண்டன. நான் கண்ணாடியை ஏற்றவில்லை, இப்போதெல்லாம் ஏற்றுவதில்லை. பூட்ஸ் சத்தம். அதே போலீஸ்காரப் பொடியன். முன்சீட்டைப் பார்த்தான். பிறகு, என்ன நினைத்தானோ, குனிந்து பின்சீட்டையும் பார்த்தான். சேலையைச் சரிசெய்துகொண்டு நான் நிமிர்ந்தே இருந்தேன். கூடையைக் காணாமல் இருந்திருக்க முடியாது. கார் முழுக்கக் கறிவேப்பிலை வாசம்.

"ஆடா ஓராங்," என்றான், பின்னால் வந்தவனிடம். ஆள் இருக்கிறது.

போய்விட்டார்கள்.

பூவம்மா என் தோளுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "இன்னும் போகலியா?" என்றாள்.

"கொஞ்சம் இருங்கோ," என்றேன். சந்து வெறிச்சோடிக் கிடந்தது.